பால்மரமும் மணையும்



ரிங்லெட்டில் பேசுவோர் தேயிலையைப் பற்றிப் பேசுவதே மரபு. 1929ஆம் ஆண்டில் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய நாள்முதல் இவ்வட்டாரத்தின் பேச்சு கொழுந்தைச் சுற்றியே நடந்துவந்திருக்கிறது. நானோ நாற்காலியையும் மேசையையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வீட்டில் நீங்கள் அமர்ந்து பாடம் எழுதும் மேசை எந்த மரத்தால் ஆனது என்று கேட்டால் உங்களுள் எத்தனை பேர் விடை சொல்வீர்கள்? இந்நாட்டில் செய்யப்பட்ட மரமேசை என்றால், அது பெரும்பாலும் பால்மரமாகவே இருக்கும். உங்கள் பாட்டனாரோ அவருடைய உறவினரோ விடியற்காலையில் நெற்றிவிளக்கு ஏந்திச் சென்று வெட்டிய அதே மரம்.

அமேசான் காட்டிலிருந்து 1876இல் ஹென்றி விக்காம் கொண்டுசென்ற விதைகளின் வழித்தோன்றல் அது. ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் வரை பால் தரும். பிறகு வெட்டி வீழ்த்தி மறுநடவு செய்வர். நெடுங்காலம் அந்த மரத்துக்குக் கிடைத்த இறுதி மரியாதை அடுப்பு. விறகாகவும் கரியாகவும் போயிற்று. ரப்பர்த் தகடுகளைப் புகையிட்டு உலர்த்தவும் எரிந்தது. காரணம் எளிது. பால்மரத்தில் மாவுச்சத்து மிகுதி, வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சணம் படர்ந்து நீலக்கறை ஏறும், வண்டு துளைக்கும். அறுத்த பலகையை உடனடியாகப் போரான் உப்புக் கரைசலில் ஊறவைத்து, அழுத்தத்தால் அதனை மரத்தின் உள்ளே செலுத்தி, சூளையில் உலர்த்தும் முறை கைவந்த பிறகே அது தச்சுக்குத் தகுந்த மரமாயிற்று. 1980கள் முதல் மலேசிய மரத் தளவாட ஏற்றுமதியின் பெரும்பகுதி இம்மரத்தையே நம்பியிருக்கிறது. ஜொகூரின் மூவார் நகரம் அத்தொழிலால் பெயர்பெற்றது.

பொருளின் வடிவத்தை மரமே எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதை மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். பால்மரத்தின் அடிமரம் பருத்ததன்று. வெட்டுக்காயங்கள் நிறைந்த பகுதி வேறு கழிந்துவிடும். நீண்ட பலகை கிடைப்பது அரிது. ஆகவே சிறு துண்டுகளின் முனைகளைப் பல்பல்லாக வெட்டி, இரு கைவிரல்களைக் கோத்தாற்போல ஒன்றோடொன்று செருகி ஒட்டுகின்றனர். உங்கள் மேசையின் மேற்பரப்பைக் கூர்ந்து பாருங்கள்; அந்தக் கோடுகள் தெரியும். வெளிறிய நிறம், எந்தச் சாயத்தையும் ஏற்கும் இயல்பு, மெல்லிய கால்கள் என இக்காலத் தளவாடங்களின் சாயலாக நாம் காண்பவற்றுள் பல அம்மரத்தின் குணத்தோடு ஒட்டி வந்தவை.

அயல்நாட்டுச் சந்தைகளில் இம்மரம் சில வேளைகளில் ‘மலேசிய ஓக்’ என்னும் பெயரில் விற்கப்படுவதுண்டு. ஓக் மரத்துக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை. வணிகருக்கு அது வசதியான பெயர். எனக்கோ அது வருத்தந்தரும் பெயர். பால்மரம் என்று நம் தோட்டத்து மக்கள் இட்ட பெயர் அம்மரத்தின் வாழ்க்கையையே சொல்கிறதே! வடிவமைப்பைத் தமிழில் கற்பிக்கும்போதேனும் அப்பெயரை நாம் கைவிடலாகாது.

மலைமேல் உள்ள நமக்கு நெருக்கமான செடிக்கு வருகிறேன். கவாத்து செய்து இடுப்பளவில் நிறுத்தப்படும் தேயிலைச்செடி, தன்போக்கில் விட்டால் மரமாகும். முதிர்ந்த செடியைப் பிடுங்கினால் முறுக்கேறிய தண்டும் வேரும் கிடைக்கும். அசாமிலும் டார்ஜிலிங்கிலும் அதனைத் தலைகீழாக நிறுத்தி, மேலே வட்டப்பலகையோ கண்ணாடியோ பொருத்தி மேசையாக்குவதுண்டு. பார்ப்பதற்கு அழகுதான். ஆயினும் முழங்காலை உள்ளே நீட்ட இடந்தராத மேசையை நல்ல வடிவமைப்பு என்று நான் சொல்லமாட்டேன். அது கூடத்தில் நிற்கும் காட்சிப்பொருள்.

இயற்கை வடிவத்தைக் காத்துக்கொண்டே பயன்பாட்டையும் விடாதவர் ஒருவர் உண்டு. ஜார்ஜ் நாகாஷிமா என்னும் ஜப்பானிய அமெரிக்கர் 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டார். அதற்குரிய தேக்குத் தளவாடங்களையும் வடிவமைத்தார். பின்னாளில் பலகையின் ஓரத்தை அறுத்து நேராக்காமல், மரம் வளர்ந்த வளைவிலேயே விட்ட மேசைகளால் உலகப்புகழ் எய்தினார். அந்த மேசைகளில் ஓரம்தான் மரத்தின் விருப்பம். உயரமும் கால்வைக்கும் இடமும் அமர்பவரின் உடலுக்குரியவை.

உடல் என்றவுடன் சொல் நினைவுக்கு வருகிறது. வீட்டுப்பொருள்களுக்கு நாம் இட்ட பெயர்களுள் பல, எத்தனை கால், எப்படி இருப்பது என்பதைச் சொல்பவை: முக்காலி, நாற்காலி, சாய்வு நாற்காலி. மேசையும் அலமாரியும் போர்த்துக்கீசியரிடமிருந்து பெற்றவை. இலங்கைத் தமிழர் நாற்காலியைக் கதிரை என்பதும் அவ்வழியே. நாம் கொடுத்தவையும் உண்டு. மலாய்மொழியின் ‘காத்தில்’ நம் கட்டில். ‘பெத்தி’ நம் பெட்டி. முரசு வைக்கும் கட்டிலில் அறியாது உறங்கிய மோசிகீரனாருக்குச் சேரமன்னன் விசிறி வீசிய செய்தி புறநானூற்றில் இருக்கிறது. அத்துணைப் பழமையான சொல் இன்று மலாய்க் குழந்தையின் படுக்கையறையிலும் வழங்குகிறது. ஆனால் நம் பிள்ளைகள் பலருக்கு மணை என்றால் தெரிவதில்லை. விளக்கு வைக்கச் சுவரில் குடைந்த மாடம் என்றாலும் தெரிவதில்லை.

நம் தமிழ்ப்பள்ளிகளில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. அதைக் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்றை வேண்டுகிறேன். கலைச்சொல்லை அகராதியில் தேடும் முன் மாணவரின் வீட்டில் தேடுங்கள். சொல்லோடு அளவும் கிடைக்கும். நாற்காலியின் இருக்கை ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் உயரம் என்று நூல்கள் கூறும். அது நம் ஒரு முழம். மணையின் உயரமோ சில விரற்கடை.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். நாற்பது ஆண்டு சரிவில் நின்று கொழுந்து பறித்த ஒரு பாட்டி. இப்போது முழங்கால் மடங்குவதில்லை. மணையில் அமர்ந்தால் எழ இயலாது. நாற்காலியில் அமர்ந்தாலோ, தரையில் பரப்பிய கீரையை ஆய்வதற்குக் கை எட்டாது. விரற்கடைக்கும் முழத்துக்கும் நடுவே அவருக்கேற்ற உயரம் எது? ஒரு சாணா, ஒன்றரைச் சாணா? எழும்போது ஊன்றுவதற்குக் கைப்பிடி எப்பக்கம் வேண்டும்? பால்மரத் துண்டுகளால் அதனைச் செய்ய முடியுமா? பாட்டியை அருகில் அமர்த்தி அளந்து, வரைந்துகொண்டு வாருங்கள். செய்து முடித்த பின் அதற்கு என்ன பெயரிடுவது என்று பாட்டியிடமே கேளுங்கள்.