தண்ணியில்லாத அணைக்கட்டு

(எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் மேடையில் பேசிப் பழகினவன் அல்ல. ஏ.எல். சோதனையோடு படிப்பை விட்டவன். இப்போது இரும்புப் பக்டரியில் பிறெஸ் மெசினில் நிற்கிறன். எஞ்சினியர் மாதிரி விளக்கத்தை என்னிடம் எதிர்பார்க்காதேங்கோ. ஆனால் வன்னியில் குளத்துக்குக் கீழே வயல் செய்த குடும்பத்தில் பிறந்தபடியால், மண்ணால் கட்டின கட்டு என்றால் என்னவென்று கொஞ்சம் தெரியும்.

மாசி மாதம் எல்லா வீட்டுக்கும் றாட்ஹவுசில் இருந்து ஒரு கடிதம் வந்தது. பச்சை நிறத்தில் படம் போட்டது. கனபேர் கடை விளம்பரம் என்று நினைத்து பழைய பேப்பர் பெட்டிக்குள் போட்டுவிட்டினம். எங்கட ஊருக்கு மேலே, ஓடை காட்டுக்குள்ளால் வந்து இறங்கிற இடத்தில், வெள்ளத்தைத் தடுக்க ஒரு சிறிய மண் அணை கட்டப் போகினம். அதைப்பற்றிக் கேள்வியோ ஆட்சேபனையோ இருந்தால் சொல்லச் சொல்லித்தான் அந்தக் கடிதம். ஓடைக்கரையில் வீட்டு வாடகை குறைவு. அதனால் எங்கட சனத்தில் அரைவாசிப் பேர் அந்த ஓடையின் இரண்டு பக்கமும்தான் இருக்கினம். ஆகவே இது டொச்காரருடைய விஷயம் மட்டும் அல்ல.

எங்கட குளக்கட்டுக்கும் இந்த அணைக்கும் உருவத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கி, மேலே புல் வளர்க்கிறது. துருசு மாதிரி அடியில் ஒரு வழி, வான் மாதிரி மேலே ஒரு வழி. ஆனால் வேலை தலைகீழ். எங்கட குளம் மாரியில் நிரம்பினால்தான் எங்களுக்குச் சோறு. இந்த அணையோ எப்பவும் வெறுமையாகக் கிடக்க வேணும். வருஷம் முழுக்க ஓடை அடியிலுள்ள வழியால் தன்பாட்டில் ஓடும், அணைக்குப் பின்னால் புல்வெளியில் செம்மறி மேயும். கடும்மழை வந்தால் அந்த வழி எவ்வளவை விடுமோ அவ்வளவு தண்ணிதான் ஊருக்குள் வரும். மிச்சம் பின்னால் ஏறி நின்று, மழை விட்டபிறகு மெல்ல மெல்ல வடியும். 'தண்ணியில்லாத அணை என்னத்துக்கு, காசைக் கொட்டுறாங்கள்' என்று என்னோடு வேலை செய்யிற ஒருவர் சொன்னார். வெறுமையாக இருக்கிற அந்த இடம்தான் ஐயா அதன் பெறுமதி. நிரம்பிக் கிடந்தால் அடுத்த மழையை எங்கே வைக்கிறது?

சரி, நிரம்பிவிட்டால் என்ன நடக்கும்? எனது மெசினில் எண்ணெய் அமுக்கம் அளவுக்கு மேலே போனால் தானாகத் திறக்கிற வால்வு ஒன்று இருக்கு. அணைக்கு அதுதான் வான். அந்த வானும் போதாமல் தண்ணி மண் கட்டுக்கு மேலால் பாயத் தொடங்கினால் ஆபத்து. முதலில் பின்பக்கச் சரிவில் புல்லை உரிக்கும், பிறகு மண்ணை அரிக்கும், அரிப்பு பின்னோக்கி ஏறி ஏறி உச்சியை எட்டினால் கட்டு வெட்டுப்பட்டுப் போகும். மண் கட்டு உடைந்தால் என்ன கதி என்று எங்கட ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1986 சித்திரையில் கந்தளாய்க் குளம் உடைந்து நூறு பேருக்கு மேல் செத்ததை இங்கே இருக்கிற பெரியவர்கள் மறந்திருக்கமாட்டினம்.

ஜேர்மனியிலேயே நடந்த ஒன்றைச் சொல்லுறன். சாக்சன் மாநிலத்தில், செக் எல்லையோர மலையில், கிளாஸ்ஹூற்றே என்று ஒரு சின்னப் பட்டினம். 1845 இல் இருந்து மணிக்கூடு செய்கிற ஊர். உங்களிலும் என்னிலும் யாரும் அந்த மணிக்கூட்டை வாங்கமாட்டம், அவ்வளவு விலை. முக்லிற்ஸ் ஆறு ஊருக்குள்ளால் ஓடுது. அதில் வந்து சேருகிற பிறீஸ்னிற்ஸ் என்ற ஓடையில் 1953 இல் ஒரு மண் அணை கட்டினார்கள். உயரம் 9 மீற்றர் அளவில். பின்னால் 50,000 கன மீற்றர் தண்ணி பிடிக்கும். வெள்ளத் தடுப்புக்கென்றே கட்டினது.

2002 ஓகஸ்ட் 12 இல் அந்த மலையில் சின்வால்ட் என்ற இடத்தில் ஒரே நாளில் 312 மில்லிமீற்றர் மழை அளந்தார்கள். ஜேர்மனியில் ஒருநாள் மழையில் அதுதான் இன்றைக்கும் ஆகக்கூடியது. இப்ப ஏ.எல். கணக்கு கூடத் தேவையில்லை, ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போதும். ஒரு சதுர கிலோமீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1,000 கன மீற்றர் தண்ணி. அப்படியென்றால் 50,000 கன மீற்றர் என்பது ஒரே ஒரு சதுர கிலோமீற்றரில் விழுகிற 50 மில்லிமீற்றர் மழைதான். 312 மில்லிமீற்றர் விழுந்தால் அந்த ஒரு சதுர கிலோமீற்றர் மட்டுமே ஆறு அணையை நிரப்பும். கொஞ்சத்தை மண் குடிக்கும், உண்மை. ஆனால் ஊறின மண் குடிக்காது. அந்த ஓடைக்குத் தண்ணி தாற நிலமும் ஒரு சதுர கிலோமீற்றரைவிட எவ்வளவோ கூட. பின்னேரம் தண்ணி கட்டுக்கு மேலால் பாய்ந்து அணை உடைந்து, ஏற்கனவே வெள்ளத்தில் நின்ற ஊருக்குள் இன்னொரு அலை இறங்கியது.

'அப்ப அணையே வேண்டாம்' என்று எழும்பிப் போகாதேங்கோ. அந்தப் பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் கொட்லொய்பா என்று இன்னொரு ஆறு. 1927 ஆடி மாதம் ஒரே இரவில் இரண்டு பள்ளத்தாக்கும் அழிந்தன. 150 பேரளவில் இறந்தார்கள். பிறகு, கிழக்கு ஜேர்மனிக் காலத்தில், 1960களிலும் 70களிலும் கொட்லொய்பா பக்கத்தில் பல அணைகளைக் கட்டி முடித்தார்கள். முக்லிற்ஸ் பக்கத்துப் பெரிய அணை 2002 இலும் கட்டுகிற வேலையில்தான் இருந்தது. அது முடிந்தது 2006 இல். 2002 மழையில் முக்லிற்ஸ் பள்ளத்தாக்கில் வீடுகளை வெள்ளம் கொண்டு போனது. பக்கத்துக் கொட்லொய்பா பள்ளத்தாக்கு பெரும்பாலும் தப்பியது. மலை ஒன்று, மழை ஒன்று. கிளாஸ்ஹூற்றேயில் உடைந்த அணையையும் திரும்பக் கட்டினார்கள். 2013 இல் முடிந்தபோது அது 50,000 அல்ல, 10 லட்சம் கன மீற்றர் பிடிக்கிற அணை.

எங்களுக்குக் கிட்டடியில் ஆர் ஆற்றையும் பாருங்கோ. 1910 இல் பெருவெள்ளம் வந்து ஐம்பது பேருக்கு மேல் இறந்தபிறகு, மேலே வெள்ளத்தைத் தேக்கி வைக்கத் திட்டம் போட்டார்கள். அது கடதாசியிலேயே கிடந்தது. அந்த மலையில் 1927 இல் திறந்தது நூர்பேர்க்றிங் காரோட்டத் திடல். 2021 ஆடி 14 இரவு அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். அணை இருந்தால் எல்லோரும் தப்பியிருப்பினம் என்று நான் சொல்லமாட்டன். அந்த மழை அப்படி.

இப்ப எங்கட ஊருக்கு வருவம். கடிதத்தில் 'நூறு வருஷத்து வெள்ளத்துக்குப் போதும்' என்று எழுதியிருக்கு. இதை நூறு வருஷத்துக்கு ஒருக்கால்தான் வரும் என்று விளங்கிக்கொள்ளக்கூடாது. ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் அர்த்தம். முப்பது வருஷம் வீட்டுக் கடன் கட்டுகிறவருக்கு அந்தக் காலத்துக்குள் அப்படி ஒரு வெள்ளம் வருகிற வாய்ப்பு நாலில் ஒன்று. அதைவிடப் பெரிய வெள்ளம் வந்தால் அணை நிரம்பும், வான் பாயும். ஆகவே றாட்ஹவுசில் நான் கேட்க இருக்கிறது இவைதான்: வான் பாயிற தண்ணி எந்தத் தெருவால் வரும்? அடியிலுள்ள வழியில் மரக்கொப்பு அடைபட்டால் இரவு இரண்டு மணிக்கு ஆர் வந்து எடுக்கிறது? கட்டில் எலி வளை போட்டால், மரம் முளைத்தால் ஆர் பார்க்கிறது? எங்கட ஊரில் குளக்கட்டைப் பார்க்கிறதுக்கு ஆள் இருந்தது. இங்கே அது எழுத்தில் இருக்க வேணும். கூட்டம் அடுத்த மாதம். டொச் நல்லாய்த் தெரிந்த பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் என்னோடு வந்தால் உதவியாக இருக்கும்.

ஒரு அண்ணை கேட்டார்: 'நாங்கள் வாடகைக்கு இருக்கிறம், வீடு போனால் வீட்டுக்காரனுக்குத்தானே நட்டம்?' அண்ணை, சுவர் அவருடையது. சுவருக்குள் இருக்கிற ரீவி, கட்டில், பிள்ளையின் புத்தகம், ஊரிலிருந்து கொண்டு வந்த கலியாண அல்பம் உங்களுடையது. நீங்கள் கட்டுகிற சாதாரண ஹவுஸ்றாட் காப்புறுதி குழாய் உடைந்தால் காசு தரும். வெள்ளத்துக்குத் தராது. அதற்கு எலிமென்ரார் என்ற பகுதியைத் தனியாகச் சேர்க்க வேணும். பொலிசியை எடுத்துப் பாருங்கோ. விளங்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இங்கே கொண்டு வாங்கோ, இருந்து வாசிப்பம்.

கடைசியாகக் கெல்லர் விஷயம். எங்கட சில குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைகள் கெல்லரில்தான் படுக்கினம். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களையும் அங்கேதான் தங்க வைக்கிறம். கதவுக்கு வெளியே அரை மீற்றர் தண்ணி ஏறினால் கதவில் விழுகிற அமுக்கம் நூறு கிலோவுக்கு மேல். வெளிப்பக்கம் திறக்கிற கதவென்றால் ஒரு ஆள் தள்ளித் திறக்கிறது கஷ்டம். 2021 இல் கெல்லருக்குள் அகப்பட்டுச் செத்தவர்களும் உண்டு. சாமான் எடுக்கப் போய்த்தான் கனபேர் மாட்டுப்பட்டது. இரவு மழை எச்சரிக்கை வந்தால் பிள்ளைகளை மேலே கூப்பிட்டுப் படுக்க விடுங்கோ. தண்ணி உள்ளே வரத் தொடங்கினால் மெசினையோ அரிசி மூட்டையையோ தூக்க ஒருவரும் கீழே இறங்க வேண்டாம்.