போனுக்குள் ஒரு கணக்கப்பிள்ளை



போனில் ஒரு தடவை நகை அடகுக் கடன் பற்றித் தேடிப் பாருங்கள். மறுநாள் சமையல் குறிப்புப் பார்க்கப் போனாலும் கடன் விளம்பரம் வந்து நிற்கும். இது தற்செயல் இல்லீங்க. நாம் திறக்கும் பக்கத்தில் விளம்பரக் கம்பனிகளும் ஒளிந்திருந்து, 'குக்கி' என்ற சிறு அடையாளத்தை நம்ம போனில் போட்டுவிடுது. 1994இல் நெட்ஸ்கேப் கம்பனியின் லூ மொண்டுலி இதை உண்டாக்கினார், வாங்குகிறவர் கூடையில் போட்ட சாமானை ஞாபகம் வைக்க. இப்போ பக்கம் பக்கமாய் நம் பின்னாலேயே வருது.

கொழுந்து நிறுக்கையில் தராசை எட்டிப் பார்க்கிறோம். கிலோ குறைந்தால் கேட்கிறோம். இந்தச் செக்ரோல் மட்டும் கண்ணுக்கே தெரியாது. லயத்தில் ஒரே போனை நாலு பேர் பார்க்கிறோமே! மகள் தனியாகத் தேடிய வைத்திய விஷயம் அப்பாவின் கண்ணில் விளம்பரமாய் விழலாம்.

வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. 'ஏற்கிறேன்' என்பதற்கு ஒரு தட்டு, மறுப்பதற்குப் பல தட்டு என்று வைத்திருந்ததற்காக, 2022 ஜனவரியில் பிரான்ஸ் நாட்டில் கூகுளுக்கு 15 கோடி யூரோ அபராதம் அறிவித்தார்கள். நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் வீட்டு வாசலுக்கு வரட்டும் என்று இருக்காதீங்க. குக்கி கேட்டால், மறுக்கும் பொத்தானைத் தேடி அழுத்துங்கள். பழைய குக்கிகளை செட்டிங்கில் போய் அழித்துவிடலாம். அம்மாவுக்குத் தெரியாவிட்டால், பிள்ளைகளே, இன்றைக்கு இராத்திரியே நீங்கள் செய்து கொடுங்கள்.