துளையும் கழுந்தும்



நெல்லையப்பர் கோவில் தாமிர சபையின் மரவேலைப்பாட்டை நம்மில் பலர் கண்டு வியந்திருப்போம். அதனருகே சென்று நிற்பதை நமக்கு உரிமையாக்கியது 1947-ஆம் ஆண்டின் கோவில் நுழைவுச் சட்டம். காணும் உரிமை வந்தது. செய்யும் கல்வி வந்ததா என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கதவையும் நாற்காலியையும் தாங்குவது இணைப்பு. ஒரு சட்டத்தில் துளையிட்டு, மற்றொன்றின் நுனியை அதற்கேற்பச் செதுக்கி நுழைப்பர். அந்நுனியே கழுந்து. உளியும் கொட்டாப்புளியும் கொண்டு இதனைச் செம்மையாய்ச் செய்யப் பல்லாண்டுப் பழக்கம் வேண்டும். அப்பழக்கம் தந்தையிடமிருந்து மகனுக்கே சென்றது. நம் பிள்ளைகள் பட்டறைகளில் பலகை சுமந்தனர், உப்புத்தாள் தேய்த்தனர், கோடு கீறும் வேலை அவர்கள் கைக்கு வரவில்லை. 1953-இல் இராஜாஜி அரசு கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி எனக் கண்டிக்கப்பட்ட அதனை 1954-இல் காமராசர் அரசு கைவிட்டது. அது நிலைத்திருப்பின் தச்சர் மகனுக்கு உளி கிடைத்திருக்கும். நம் மகனுக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

ரௌட்டர் என்னும் மின்கருவி வந்தபின் கைப்பழக்கத்தின் பெரும்பகுதி ஒரு பலகைக்குள் இறங்கிவிட்டது. அப்பலகையை ஜிக் என்பர். அதனைச் செய்ய நடுநிலைப் பள்ளிக் கணக்குப் போதும்.

சட்டத்தின் கனம் 36 மி.மீ. என்று கொள்வோம். துளையின் அகலம் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 12. நீளம் 60, ஆழம் 30 என்க. 12 மி.மீ. கனமுள்ள பிளைவுட் துண்டில் ஒரு திறப்பு வெட்ட வேண்டும். அதனையும் 12-க்கு 60 என்றே வெட்டிவிடுவோர் உண்டு. அங்கேதான் வேலை கெடும். ரௌட்டரின் அடித்தட்டில், வெட்டும் பிட்டைச் சுற்றி ஒரு வளையம் பொருத்தப்படும். திறப்பின் விளிம்பை உரசிச் செல்வது அவ்வளையமே. வளையத்தின் வெளிவிட்டம் 16, பிட்டின் விட்டம் 12 எனில் பக்கத்துக்கு 2 மி.மீ. வேறுபாடு. ஆகவே திறப்பு 16-க்கு 64. வளையம் சிக்காமல் செல்ல மயிரிழை தளர்வு. வளையம் 12 மி.மீ.க்குக் குறைவாகவே கீழே நீண்டிருக்க வேண்டும். இன்றேல் சட்டத்தில் முட்டும்.

அடுத்து, பலகையின் அடியில் ஒரு கட்டையைத் திருகாணியால் பிணைக்க வேண்டும். கட்டையின் உட்பக்கத்திலிருந்து திறப்பின் நடுக்கோடு 18 மி.மீ. தொலைவில் அமைக. ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு முகத்தைப் பென்சிலால் குறித்து, அம்முகத்தையே கட்டையோடு அணைத்து, கிளாம்பால் இறுக்குக. அரை மி.மீ. பிழை நேர்ந்தாலும் அது எல்லாச் சட்டங்களிலும் ஒரே பக்கம் நிற்கும். கழுந்து வெட்டுகையில் திருத்தலாம். முகம் மாறினால் பிழை இரட்டிக்கும்.

ஆழத்தை ஒரே வீச்சில் எடுத்தல் தகாது. 5 அல்லது 6 மி.மீ. வீதம் இறங்குக. கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். தோளில் துண்டு தொங்கலாகாது. பிட்டை மாற்றுமுன் மின்செருகியைப் பிடுங்கிவிடுக. முதல் துளை கழிவுக் கட்டையிலேயே ஆகட்டும். பிட் சுழல்வதால் துளையின் முனைகள் வளைந்திருக்கும். அவற்றை உளியால் சதுரமாக்கலாம். கழுந்தின் ஓரத்தை அரத்தால் உருட்டியும் பொருத்தலாம். உளியையே நாம் பரிந்துரைப்போம். இயந்திரம் வந்ததென்று உளி பிடிக்கக் கல்லாதிருத்தல் நன்றன்று.

துளை முடிந்த பின்னரே கழுந்து வெட்டுக. அது கைவிசையால் நுழைய வேண்டும்; கொட்டாப்புளி கேட்டால் கனம் மிகுதி; தானே நழுவினால் அது கழிவு. மரம் நன்கு உலர்ந்ததாய் இருத்தல் மிக அவசியம். சாரல் காலத்து ஈரத்தில் ஊதிய மரத்தில் இறுகப் பொருந்திய கழுந்து, பங்குனி வெயிலில் ஆடத் தொடங்கும்.

வேலை முடிந்ததும் பலகையை மூலையில் எறிந்துவிடாதீர்கள். பிட்டின் விட்டம், வளையத்தின் விட்டம், சட்டத்தின் கனம் மூன்றையும் அதன் மேலேயே அழியா மையால் தமிழில் எழுதி, ஆணியில் மாட்டி வையுங்கள். அடுத்து வரும் பிள்ளை யாரையும் கேளாமல் அதனை எடுத்து வேலை தொடங்கட்டும்.