வாய்க்கால் ஓரம் ஒரு சைக்கிள்

(நமது சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



டொக்டரை மேடைக்குக் கூப்பிட்டால் சீனியையும் கொழுப்பையும் பற்றித்தான் பேசுவார் என்று பயந்திருப்பீர்கள். சாப்பாட்டுக்கு முன்னால் அந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன். இன்று நான் பேச வந்தது சைக்கிளைப் பற்றி.

நான் மாவடிப்பள்ளிப் பிள்ளை. தொண்ணூறுகளில் வாப்பாவின் பழைய சைக்கிளில் பள்ளிக்கு வந்தவள். இரண்டு பக்கமும் வயல், நடுவில் ரோட்டு. யுத்த காலம் என்பதால் சோதனைச் சாவடி வந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு போய், அப்பால் ஏற வேண்டும். மழைக்காலத்தில் பாவாடை முழங்கால் வரை சேறாகும். அந்தக் கோலத்தில் வகுப்புக்குள் வந்த என்னை ஏசாமல், முகம் துடைக்கத் தன் லேஞ்சியைத் தந்த டீச்சர் ஒருவர் இந்த மண்டபத்தில் இருக்கிறார்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கிழமை அந்தச் சைக்கிள் விற்கப்பட்டது. யாரும் ஏசவில்லை. "மகள் பெரிய பிள்ளையாகிட்டா, இனி வேனில போகட்டும்" என்றார் உம்மம்மா. நான் அழவுமில்லை, ஏனென்று கேட்கவுமில்லை. பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் அதே வயதுதான். அவனுடைய சைக்கிளை யாரும் விற்கவில்லை.

அதன்பிறகு மருத்துவக் கல்லூரி, வேலை, கல்யாணம், பிள்ளைகள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நான் சைக்கிளைத் தொடவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் நமது பழைய மாணவி ஒருவர் என் கிளினிக்குக்கு வந்தார். அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன். நீரிழிவு, முழங்கால் நோவு, நித்திரை இல்லை. "தினமும் அரை மணித்தியாலம் நடங்க" என்றேன். அவர் சிரித்தார். "டொக்டர், எங்க நடக்கிற? ரோட்டுல பஸ்ஸும் லொறியும். கடற்கரையில ஆம்பிளைப் பிள்ளைகள். வளவுக்குள்ள சுத்தினா அஞ்சு நிமிசத்துல தலை சுத்துது." என்னிடம் பதில் இருக்கவில்லை. மருந்தை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அந்தக் கேள்வி மட்டும் என்னுடனேயே இருந்தது.

சென்ற வருடம் ஜூலை மாதம், பத்தாம் வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருந்த கூட்டாளி பிரான்சுக்குக் கூப்பிட்டாள். அவள் குடும்பத்தோடு துலூஸ் நகரில் இருக்கிறாள். ஈபிள் கோபுரம் பார்க்கலாம் என்று நினைத்துப் போனோம். அவளோ ஆறு சைக்கிள்களை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தாள். இரண்டு குடும்பம், நான்கு நாள், துலூஸிலிருந்து கார்காசோன் வரை சுமார் 100 கிலோமீற்றர். ரயிலில் போனால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்.

நாங்கள் போனது 'கனால் டு மிடி' என்ற வாய்க்காலின் கரையால். 1666இல் வெட்டத் தொடங்கி 1681இல் திறந்தார்கள். துலூஸிலிருந்து மத்தியதரைக் கடல் வரை 240 கிலோமீற்றர். வெட்டுவித்தவர் பியேர் போல் ரிக்கே. உப்பு வரி வசூலித்த அந்த மனிதர் சொந்தப் பணத்தையும் இதில் கொட்டினார். திறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 1680இல் இறந்துபோனார். ஒரு கட்டத்தில் 12,000 பேர் வரை வேலை செய்திருக்கிறார்கள். கூடையில் மண் சுமந்தவர்களில் பெண்களும் ஏராளம்.

வயல்காட்டுப் பிள்ளைக்கு அங்கே ஒரு விஷயம் உடனே விளங்கியது. வாய்க்காலின் மிக உயர்ந்த இடம் நோரூஸ், கடல் மட்டத்திலிருந்து 189 மீற்றர். அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் எப்படி வரும்? மலையில் பெய்யும் மழையை சான் ஃபெரியோல் என்ற இடத்தில் குளம் கட்டித் தேக்கி, சிறு வாய்க்காலால் நோரூஸுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து ஒரு பாதி அத்திலாந்திக் பக்கமும் மறுபாதி மத்தியதரைக் கடல் பக்கமும் ஓடுகிறது. இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்தைப் பார்த்து வளர்ந்த நமக்குக் குளமும் வாய்க்காலும் புதுமையா? என் கணவர் கரையில் நின்று, "இதுக்கு வட்டவிதானை யாரு?" என்று கேட்டார்.

கரையில் பாதை ஏன் வந்தது தெரியுமா? அந்தக் காலத்தில் படகுகளைக் கயிறு கட்டிக் கரையிலிருந்து குதிரைகள் இழுத்தன. குதிரை நடக்கப் போட்ட பாதையில் இன்று சைக்கிள் ஓடுகிறது. தண்ணீர் மட்டமாக நிற்பதால் பாதையும் மட்டம். நீர்க்கதவு வரும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன ஏற்றம். முழங்கால் நோவுக்காரருக்கு இதைவிட நல்ல பாதை கிடையாது. கதவு காப்பவர்களின் பழைய வீடுகளில், அடுத்த கதவுக்கு எத்தனை மீற்றர் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்தே நாளை ஓட்டிவிடலாம்.

முதல் நாள் என் அபாயா பின்சில்லில் சிக்கி, நடுப்பாதையில் நின்றேன். கூட்டாளியின் மகள் கத்தரிக்கோலோடு ஓடிவந்தாள். மறுநாள் சில்லுக்கு வலை போட்ட சைக்கிளை மாற்றி எடுத்தோம். பகலில் பாண், சீஸ், டின் மீன், தக்காளி. கஸ்டெல்நோடரி என்ற ஊர் ஒரு அவரைக்கொட்டைச் சமையலுக்குப் பெயர் போனது. பன்றி இறைச்சி போடுவதால் வாசனையோடு நிறுத்திக்கொண்டோம். லுஹரும் அஸரும் கரைப் புல்லில் தொழுதோம். மஃரிப் வர இரவு ஒன்பதரை ஆனது.

ஒரு துக்கமும் கண்டேன். அந்த வாய்க்காலுக்கு நிழல் தந்த பிளேன் மரங்கள் சுமார் 42,000. 2006இல் அவற்றில் ஒரு பூஞ்சண நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து இல்லை. தண்ணீராலும் வெட்டும் கருவிகளாலும் பரவுகிறது. ஆயிரக்கணக்கில் வெட்டி எரித்துவிட்டு, வேறு இன மரங்களை நடுகிறார்கள். நிழல் வர இன்னும் எத்தனையோ வருடம் ஆகும். நட்டவர்கள் அதில் இருக்கப் போவதில்லை. தெரிந்துகொண்டுதான் நடுகிறார்கள்.

மூன்றாம் நாள் காலை எல்லாருக்கும் முன்னால் தனியே போய்க்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் சூரியகாந்தி. எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மா கெரியரில் பை கட்டி எதிரே வந்தார், தலையசைத்தார், போய்விட்டார். அப்போது ஒன்று உறைத்தது. பதினாறு வயதுக்குப் பிறகு, ஒரு வேலையும் இல்லாமல், "எங்க போற?" என்று யாரும் கேட்காமல் நான் வெளியே போனது அதுதான் முதல் தடவை. சைக்கிளை நிறுத்தி அழுதேன். பின்னால் வந்த கணவர் காற்றுப் போய்விட்டதென்று நினைத்து பம்பை எடுத்தார்.

சகோதரிகளே, பிரான்சுக்குப் போங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நமது வயல்களுக்கு நடுவே வாய்க்கால் கட்டு இல்லையா? அதுவும் மட்டமான பாதைதானே?

எதிர்ப்புகள் எனக்கும் தெரியும். அறுவடை முடிந்தால் யானை வரும். ஆற்றில் முதலை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, 2024 நவம்பர் 26ஆம் திகதி வெள்ளத்தில் மத்ரஸாப் பிள்ளைகளோடு உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது என் ஊர்ப் பாதையில்தான். அந்தப் பிள்ளைகளை நினைக்காமல் மாவடிப்பள்ளியில் யாரும் தண்ணீர் ஓரம் போக முடியாது. ஆகவே மாரி காலத்தில் வேண்டாம். வெள்ளம் பாயும் இடத்தில் கைபிடிச் சுவரும், அளவுக்கம்பும், பாதையை மூட ஆளும் வேண்டும் என்று கேட்பதும் நமது வேலைதான்.

"ஆக்கள் என்ன சொல்லுவாங்க?" என்பதும் தெரியும். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் ஏறினார்கள். அங்கேயும் கேலி செய்தவர்கள் இருந்தார்கள். இத்தனை பேர் ஒன்றாக ஏறியதும் கேலி எடுபடவில்லை.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குக் கேட்பது கிழமைக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. ஆகவே சங்கத்திடம் ஒரு கோரிக்கை. கோடை காலத்தில், சனிக்கிழமை சுபஹுக்குப் பின் ஒரு மணித்தியாலம், பெண்கள் மட்டும், கூட்டமாக, வயல்காரரிடம் சொல்லிவிட்டு வாய்க்கால் கட்டில் சைக்கிள். ஏலாதவர்கள் நடக்கலாம். பத்து சைக்கிளும் சில்லுக்கு வலையும் போதும். இரண்டு சைக்கிள் என் பொறுப்பு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஊர் திரும்பிய பிறகு நான் தனியே ஏறியது மூன்று தடவைதான். மூன்றாம் தடவை ஒரு மாமா வழிமறித்து, "டொக்டர், கார் பழுதா?" என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டேன். தனியே எனக்கு ஏலவில்லை. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

கிளினிக்கில் அந்தக் கேள்வியைக் கேட்ட ராத்தாவும் இந்தச் சபையில் இருக்கிறார். முதல் பெயர் தன்னுடையது என்று சொல்லியிருக்கிறார். வெளிநாட்டில் இருந்து இந்த மலரை வாசிக்கும் சகோதரிகளே, உங்கள் ஊர் ஆற்றோரத்தில் ஒரு பாதை இருக்கும். ஒரு தடவை போய்விட்டு எங்களுக்கு எழுதுங்கள்.

நம் பள்ளி இன்னும் நூறாண்டு காண வல்ல இறைவன் அருள் புரியட்டும். வஸ்ஸலாம்.