சிவகாசிக் கோயில் பூசல்

1899 ஜூன் 6 அன்று சிவகாசியில் நடந்த கொள்ளைக்கும் கொலைக்கும் பின்னணியில் இருந்தது கோயில் நுழைவு. வணிகத்தால் உயர்ந்த நாடார்கள் அதை உரிமை என்றனர். மறவர் உள்ளிட்ட பிறர் மாமூலை மீறுவது என்றனர். இதே உரிமை குறித்த கமுதிக் கோயில் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் 1908-இல் மாமூல் பக்கமே நின்றது. மனிதரை வாசலில் தடுத்த வழக்கத்தை நீதிமன்றமே காத்தது பெரும் வேதனை.

இத்தடைகளிடையே நாடார்களின் பலமாக இருந்தது உறவின்முறை எனும் சமூக அமைப்பு. உள்பூசல்கள் அங்கேயே பேசித் தீர்க்கப்பட்டன. வணிகர் தந்த மகமை எனும் பொது நிதியில் பள்ளிகள் எழுந்தன. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அவற்றுள் ஒன்று.

கோயில் கதவுகள் பின்னர் திறந்தன. 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் சென்றபோது, விருதுநகர் நாடார் ஒருவரும் உடன் சென்றார். அவ்வாண்டே சென்னை மாகாண அரசு ஆலய நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது.