கருவி காட்டும் எண்



விருதுநகர் மாவட்டத்துக் குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கர் பரப்பில் பெரியதொரு ஜவுளிப் பூங்கா அமையும் என்னும் அறிவிப்பு 2023-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சூழ்ந்த இக்கரிசல் பூமி வானம் பார்த்த பூமி. காற்றிலும் ஈரம் குறைவு. பஞ்சிழைக்கோ ஈரம் வேண்டும். காற்று வறண்டால் இழை வலுக்குன்றும், நூல் அறுபடும். ஆகவே நூற்பாலையில் ரிங் பிரேம் ஓடும் கூடத்துக் காற்றின் ஒப்பு ஈரப்பதத்தை 55 முதல் 60 விழுக்காடு வரை வைத்துக்கொள்வது வழக்கம்.

முன்னாளில் இதற்கு ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகள் இரண்டைச் சுவரில் மாட்டி, ஆள் நின்று பார்த்து எழுதினார்கள். இன்று சென்சார் எனப்படும் உணர்கருவி பார்க்கிறது. கண்ட்ரோலர் என்னும் கட்டுப்பாட்டுக் கருவி தண்ணீர் தெளிக்கச் சொல்கிறது. இவ்விரண்டும் பேசிக்கொள்ளும் மொழி மின்னோட்டம். ஈரமே இல்லையெனில் 4 மில்லியாம்பியர். முழு ஈரமெனில் 20. இடைப்பட்ட 16-ஐ நூறு பங்காக்கிப் படித்தால் ஈரப்பதம் கிடைக்கும். 12 மில்லியாம்பியர் வந்தால் 50 விழுக்காடு. நீங்கள் கணித வகுப்பில் வரையும் நேர்கோடுதான் இது.

சுழியத்தில் தொடங்காமல் 4-இல் தொடங்குவானேன்? கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியமாகும். சுழியத்துக்குப் பொருள் 'வறட்சி' என்று வைத்திருந்தால், அறுந்த கம்பியையும் வறண்ட காற்றையும் வேறு பிரித்தறிய வழியில்லை. எளிய யோசனை, ஆயினும் எத்தனை நுட்பமானது, பாருங்கள்!

என்னிடம் பயின்ற ஒருவர் ஓர் ஆலையில் கருவிப் பிரிவில் பணிபுரிகிறார். கோடையில் ஒருநாள் என்னைக் காண வந்தவர், "ஐயா, திரையில் 60 என்றே நிற்கிறது, நூலோ அறுந்துகொண்டே இருக்கிறது. வேலை செய்யும் பெண்களின் கவனக்குறைவு என்று மேலே எழுதிவிட்டார்கள்" என்றார். அப்பெண்களுள் மூத்தவர், "தம்பி, காத்து காஞ்சு கெடக்கு, கையில தெரியுதே" என்று நாள்தோறும் சொன்னாராம். கேட்பாரில்லை. எண்ணல்லவா எதிர்ச்சாட்சி சொல்லிற்று!

"உப்பை வைத்துப் பார்த்தாயா?" என்றேன். கறியுப்பில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, கரையாத உப்பு எஞ்சி நிற்கும்படி மூடிய பாத்திரத்தில் வைத்தால், 25 பாகை செல்சியசில் மேலுள்ள காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிலைத்துவிடும். மக்னீசியம் குளோரைடை அவ்வாறே வைத்தால் 33. இயற்கை இலவசமாகத் தந்த படிக்கற்கள் இவை. உணர்கருவியின் தலை குழைவைத் தொடாமல் சில மணி நேரம் உள்ளே இருக்கவேண்டும், அவ்வளவே.

அவர் கறியுப்பைக் கொண்டு சோதித்தார். திரையில் 80. "5-ஐக் கழித்துவிடலாமா, ஐயா?" என்று தொலைபேசியில் கேட்டார். ஒரு புள்ளியின் வழியே எத்தனை கோடும் வரையலாமே! இரண்டாவது உப்பையும் பார்க்கச் சொன்னேன். 33 வரவேண்டிய இடத்தில் 46 வந்தது. ஓரிடத்தில் 5 மிகை, மற்றோரிடத்தில் 13 மிகை. 5-ஐக் கழித்திருந்தால் பிழையின் ஒரு பாதி கூடத்திலேயே தங்கியிருக்கும்.

பிறகு அவர் மின்னோட்டத்தை அளந்தார். கறியுப்பின்மேல் 16 மில்லியாம்பியர். 16-இலிருந்து 4 போக 12. அது 16-இல் முக்கால். உணர்கருவி 75 என்று உண்மையே சொல்லியிருக்கிறது! புதிதாக மாட்டிய கண்ட்ரோலரில் யாரோ 4 முதல் 20 என்பதற்குப் பதிலாக 0 முதல் 20 என்று குறித்துவிட்டார்கள். 16-ஐ 20-ஆல் வகுத்தால் 80 தானே வரும்? அவ்வாறே, கூடத்தில் 50 இருந்தபோது அது 60 என்று படித்து, தண்ணீர் போதுமென்று நிறுத்திவந்தது. குற்றமற்ற உணர்கருவியைக் கழற்றி எறியவும் ஏற்பாடு நடந்ததாம்.

குறிப்பை மாற்றியவுடன் திரை 50-க்கு இறங்கியது. தெளிப்பான்கள் இயங்கத் தொடங்கின. பெண்கள்மீது எழுதிய குறிப்பைத் திரும்பப் பெறுமாறு, இரண்டு உப்புகளின் அளவுகளையும் இணைத்து, என் மாணவரே மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார்.