பாயசம் தீராத பந்தி

நடுவர் அவர்களே, தோளோடு தோள் நிற்கும் என் அணித் தோழர்களே, தோற்பதற்கென்றே சிரித்த முகத்தோடு வந்து அமர்ந்திருக்கிற எதிரணிச் சான்றோர்களே (சிரிப்பு), தாய்மார்களே, பெரியோர்களே, தம்பி தங்கைகளே!

தலைப்பு என்ன? 'பெரிய பெரிய கணினி விளையாட்டுகளை டோரண்ட் வழியாக இறக்கிக்கொள்வது பகிர்வா, திருட்டா?' எனக்கு முன்னாலே பேசிய அம்மையார், 'டோரண்ட் என்றாலே திருட்டு' என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா, ஒருவனுக்குத் தண்டனை கொடுப்பதற்கு முன்னாலே அவன் யார், என்ன தொழில் செய்கிறான் என்று விசாரிக்க வேண்டாமா?

2023-இல் 'பால்டர்ஸ் கேட் 3' என்று ஒரு விளையாட்டு வந்தது. கணினியில் அது ஒன்றுக்கே 150 ஜிபி இடம் வேண்டும். நம் வீட்டிலே பாட்டுக் கேட்ட பழைய சிடி இருக்கிறதே, அதிலே அடைத்தால் 200 சிடிக்கு மேலே போகும்! இவ்வளவு பெரிய சரக்கை ஓர் இடத்திலிருந்து உலகத்துக்கே அனுப்புவது என்றால் சும்மாவா?

நான் தமிழாசிரியன். எனக்குத் தெரிந்த வழியிலே சொல்கிறேன். ஒரு குருநாதர் இருக்கிறார். அவர் கையிலே ஒரே ஒரு சுவடி, 300 ஓலை. மாணவர்கள் 30 பேர். ஒருவன் முழுச் சுவடியையும் படியெடுத்து முடித்த பிறகுதான் அடுத்தவன் கைக்குப் போகும் என்றால், கடைசிப் பையனுக்குக் கல்யாணமாகிப் பேரனே பிறந்துவிடுவான்! (சிரிப்பு) குருநாதர் கெட்டிக்காரர். ஆளுக்குப் 10 ஓலை பிரித்துக் கொடுத்தார். 'எழுதி முடித்ததை உங்களுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளுங்கள்' என்றார். கொஞ்ச நாளிலே எல்லோரிடமும் முழுச் சுவடி!

நடுவர் அவர்களே, இதுதான் டோரண்ட். பிராம் கோஹன் என்கிற அமெரிக்கர் 2001-இல் வெளியிட்ட பிட்டோரண்ட் முறை இப்படித்தான் வேலை செய்கிறது. கோப்பைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. யாரிடமும் அதிகம் இல்லாத துண்டைத் தேடி முதலில் வாங்கு என்கிறது. ஏன்? அதை வைத்திருக்கிறவன் எழுந்து போய்விட்டால் அது எல்லோருக்கும் இல்லாமல் போய்விடுமே! உனக்குக் கொடுக்கிறவனுக்கு நீ முன்னுரிமை கொடு என்கிறது. இதைவிட நல்ல பாடத்தை நான் வகுப்பிலே நடத்தியதில்லை.

கல்யாணப் பந்தியிலே கூட்டம் கூடினால் என்ன ஆகும்? சமையல்காரர் பாயசத்திலே வெந்நீர் ஊற்றுவார். (சிரிப்பு) இந்தப் பந்தியிலே, சாப்பிட உட்கார்ந்தவனே கரண்டியோடு எழுந்து பரிமாறவும் செய்கிறான். ஆள் கூடக் கூடப் பாயசம் பெருகுகிறது! என் பையன் இரவெல்லாம் கணினியை ஓடவிட்டிருந்தான். 'முழுசும் இறங்கிடுச்சே, அணைக்க வேண்டியதுதானேடா?' என்று கேட்டேன். 'அப்பா, எனக்குக் கொடுத்தவங்க அணைச்சிருந்தா எனக்குக் கிடைச்சிருக்குமா?' என்றான். பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. (கைதட்டல்)

'நல்லவர்கள் யாராவது இதைப் பயன்படுத்தினார்களா?' என்று அம்மையார் கேட்டார். 2004-இல் வெளிவந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டின் திருத்தக் கோப்புகளை, அதை உருவாக்கிய பிளிஸார்டு நிறுவனமே இந்த முறையில்தான் அனுப்பியது. பின்னாளில் அது வேறு ஏற்பாட்டுக்கு மாறியது. ஆனால் சொந்தக்காரனே இந்த வாசலைத் திறந்து வைத்தான் என்பதை மறுக்க முடியுமா? '0 ஏ.டி.' என்று ஒரு விளையாட்டு. பலர் கூடி உழைத்து, காசு வாங்காமல் தருகிறார்கள். மௌரியர் படைகூட அதிலே உண்டு. அதை டோரண்ட் வழியாக எடுக்கும் பிள்ளை யார் வீட்டுச் சொத்தைத் திருடினான்?

அப்படியானால் திருட்டே நடக்கவில்லையா? நடக்கிறது. நான் அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை. காசு கொடுத்து வாங்க வேண்டிய விளையாட்டைப் பூட்டு உடைத்துச் சுற்றுக்கு விடுகிறார்கள். ஓர் ஊரே உட்கார்ந்து பல வருஷம் உழைத்த உழைப்பு அது. அதை எடுக்கிற பிள்ளை ஒன்றை யோசிக்க வேண்டும்: டோரண்டிலே எடுக்கும்போதே கொடுக்கவும் செய்கிறோம். ஆகவே, அவன் வாங்குகிறவன் மட்டுமல்ல, விநியோகிக்கிறவனும் ஆகிறான். நமது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலே, தெரிந்தே உரிமையை மீறினால் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

இன்னொரு ஆபத்தும் உண்டு. துண்டு ஒவ்வொன்றுக்கும் கைரேகை மாதிரி ஓர் அடையாளம் உண்டு. அது பொருந்தாவிட்டால் டோரண்ட் அந்தத் துண்டைத் தூக்கி எறிந்துவிடும். ஆனால் அது பார்ப்பது, முதலில் மூட்டை கட்டியவன் கட்டியபடியே வந்து சேர்ந்ததா என்பதை மட்டும்தான். மூட்டைக்குள்ளே இருப்பது நெல்லா, நஞ்சா என்று அதற்குத் தெரியாது. முகம் தெரியாதவன் பூட்டை உடைத்துக் கொடுத்த விளையாட்டுக்குள்ளே வைரஸ் இருந்தால், அதே வைரஸ் ஒரு துளி சிந்தாமல் சிதறாமல் உங்கள் வீட்டுக்கு வந்து சேரும்!

ஆகவே தாய்மார்களே, பிள்ளையிடம் 'டோரண்டா?' என்று கேட்டு அடிக்கப் போகாதீர்கள். 'கொடுத்தது யார்? கொடுக்கிற உரிமை அவருக்கு உண்டா?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்கிற பிள்ளை கெட்டுப் போக மாட்டான்.

வள்ளுவர் அறத்துப்பாலிலே ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். கள்ளாமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். உலகத்திலே கள்ளன் இருக்கிறான் என்பதற்காக ஒப்புரவு அதிகாரத்தை அவர் கிழித்துப் போடவில்லை. இரண்டையும் சேர்த்துப் படி என்றுதான் நம் கையிலே கொடுத்திருக்கிறார்.

திருட்டு, எடுக்கிறவன் மனத்திலே இருக்கிறது. டோரண்ட் என்கிற முறையிலே இருப்பது பகிர்வு, பகிர்வு, பகிர்வே என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் என்று நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)